கதிர்வேல் உட்கார்ந்த இடம்

கண்புரை எடுத்த டாக்டர் மேல்தான் குமாரவேலுக்கு முதலில் சந்தேகம் வந்தது.

பெண்டாட்டியின் சமாதி ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு தெரிந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார், வேட்டி முனையால் துடைத்தார், மறுபடி மாட்டினார். இரண்டு. இடக்கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். இரண்டு. வலக்கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அப்போதும் இரண்டுதான். ஆனால் ஒன்றின் மேல் மண் புதுசு, அதன் மேல் வாடிப்போன சாமந்தி மாலை, மாலையை மென்றுகொண்டு ஒரு ஆடு. டாக்டர் தப்பித்தார்.

பெண்டாட்டி ஏலவார்குழலிக்கு வலது கைப் பக்கம். எட்டு வருஷமாக நாலு மூலைக்கு நாலு செங்கல் நட்டு, நடுவே நந்தியாவட்டை வைத்துத் தண்ணீர் ஊற்றி, காஞ்சிபுரத்துக்குள் கண்ணில் பட்ட ஒவ்வொருவரிடமும், பட்டுப்புடவை எடுக்க வந்த வெளியூர்க்காரர்கள் உட்பட, "அதான் என் எடம்" என்று அவர் சொல்லி வைத்திருந்த இடம். அதில் வேறு யாரோ உட்கார்ந்துவிட்டார்கள்.

உட்கார்ந்துவிட்டார்கள் என்றால் உண்மையிலேயே உட்கார்ந்துதான். பிள்ளையார்பாளையத்தில் சிவதீட்சை வாங்கிய சில நெசவுக் குடும்பங்களில் செத்தவர்களை எரிப்பதில்லை. படுக்க வைத்துப் புதைப்பதும் இல்லை. சதுரமாகக் குழி வெட்டி, சம்மணம் போட்டு, வடக்கு முகமாக உட்கார வைத்து, விபூதியும் வில்வமும் உப்பும் கழுத்துவரை கொட்டி மூடுவார்கள். வேகவதி ஆற்றோரத்தில் அந்தக் குடும்பங்களுக்கென்றே ஒரு மேடு உண்டு. கல்யாணப் பந்தியில் இலை போடக் காத்திருப்பவர்களைப் போல நூறு நூற்றைம்பது வருஷத்து ஜனம் அங்கே வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. சாப்பாடுதான் இன்னும் வந்தபாடில்லை.

உட்காருவது என்று வந்துவிட்டால் எந்தப் பக்கம் என்று ஒரு கணக்கு உண்டல்லவா? புருஷனுக்கு இடப்பக்கம் பெண்டாட்டி. சுவாமியே தன் உடம்பில் இடது பாதியைத்தான் அம்மாளுக்குக் கொடுத்திருக்கிறார். அப்படியானால் ஏலவார்குழலிக்கு வலப்பக்கம்தான் குமாரவேல் உட்கார முடியும். அந்த ஒரு இடத்துக்காகத்தான் மனிதர் செத்துப்போவதைக்கூட ஒரு சௌகரியமாக நினைத்துக்கொண்டிருந்தார். பிள்ளை குட்டி கிடையாது. வீட்டில் பேச ஆள் கிடையாது. போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடரலாம்.

பேச்சுக்கு அவரிடம் பஞ்சமில்லை. முப்பது வருஷம் பட்டு சொசைட்டிக் கடையில் புடவை விற்றவர். ஒரு புடவையை விரித்தாரானால் அதன் தலைப்பில் இருக்கிற மயில் அகவுவதைக் கேட்டதாகவே சத்தியம் செய்கிற வாடிக்கைக்காரர்கள் இருந்தார்கள். ஓய்வு பெற்ற பிறகு விற்கப் புடவை இல்லாமல், மேட்டில் இருப்பவர்களை எடுத்து விரிக்க ஆரம்பித்தார். ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும், குழி மூடி முடிகிறவரை ஜனம் அவரைச் சுற்றித்தான் நிற்கும்.

"தோ, இது மயில்வாகனம். தறியில உக்காந்துக்கினு ஒரு தும்மல் தும்மினாரு. பாவு நூலு மொத்தமும் அறுந்துது, அவரும் அறுந்தாரு. பக்கத்துத் தெருவுல ஓடிக்கினு இருந்த தறியெல்லாம் பட்டுன்னு நின்னுபோச்சி."

மயில்வாகனம் காசநோயில் போனவர். அது யாருக்கு வேண்டும்?

"அது நீலாம்பாள். மூணு தபா செத்த கட்ட. மொத தபா சங்கு ஊதினதும் எழுந்து உக்காந்து, 'இன்னாடா, மூச்சே இல்லாம ஊதற'ன்னுச்சி. ரெண்டாவது தபா குளிப்பாட்டறப்ப, 'வெந்நி வெக்கக்கூட நாதியில்லயா'ன்னு கேட்டுச்சி. மூணாவது தபா செத்தப்ப யாரும் நம்பல. எதுக்கும் இருக்கட்டும்னு பக்கத்துல ஒரு டம்ளரு காப்பிய வெச்சிட்டு சாயங்காலம் வரைக்கும் காத்துக்கினு இருந்தாங்க. காப்பிக்கும் எழுந்திரிக்கலன்னு தெரிஞ்சப்புறம்தான் தூக்கினாங்க."

இப்படியே சொல்லிச் சொல்லி, செத்தவர்களுடைய சொந்தப் பேரன்களே இப்போது குமாரவேல் சொன்னதைத்தான் வரலாறு என்று நம்புகிறார்கள்.

அப்பேர்ப்பட்ட வாய் இன்று திறந்தபடியே நின்றது. குழி வெட்டுகிற அந்தோணி புளியமரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவன், அவர் நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தான்.

"இன்னா சார், கண்ணு தேவலையா?"

"இது யாருப்பா?"

"கதிர்வேலு பெரியவருதான். நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப தவறிட்டாரே, கேள்விப்படலயா?"

கேள்விப்பட்டிருந்தார். கண்ணில் கட்டோடு படுத்திருந்ததால் மாலை மட்டும் வாங்கி அனுப்பினார். இப்போது ஆடு மென்றுகொண்டிருந்தது அநேகமாக அவர் அனுப்பிய மாலைதான். ஆனால் கதிர்வேல் எங்கே உட்கார்ந்தான் என்று யாரும் சொல்லவில்லை. குமாரவேல் பக்கத்திலிருந்த மயில்வாகனத்தின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

வேறு யாராக இருந்திருந்தாலும் பொறுத்திருப்பார். கதிர்வேல் அதே தெருக்காரன். நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஏலவார்குழலியை முதலில் பெண் பார்க்கப் போனவன் அவன். கேசரி சாப்பிட்டு, பஜ்ஜி சாப்பிட்டு, அவள் பாட்டும் கேட்டுவிட்டு வந்தான். ஜாதகம் சேரவில்லை. அடுத்த மாதம் குமாரவேலுக்குச் சேர்ந்தது. அன்றையிலிருந்து குமாரவேல் அவனிடம் பேசிய வார்த்தைகளை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு மூடிவிடலாம். அதோடு இன்னொன்று: ஏலவார்குழலி போன பிறகு அவள் சமாதிப் பக்கம் அந்தக் கதிர்வேல் தனியாக வந்து நின்றுகொண்டிருந்ததை இவர் பல தடவை கண்ணால் பார்த்திருக்கிறார். கைகட்டி, தலை குனிந்து நிற்பான். இவரைக் கண்டால் துண்டை உதறிக்கொண்டு நழுவிவிடுவான்.

"பஜ்ஜியோட தீந்துபோச்சின்னு நெனச்சேன்" என்றார் குமாரவேல். "நாப்பத்தஞ்சு வருஷம் காத்திருந்து வந்து உக்காந்துட்டான் பாருப்பா."

"யாரு சார்?"

"என் செங்கல்லு எங்க?"

"தோ, பத்திரமா அடுக்கி வெச்சிருக்கேன். செடிய அந்தாண்ட நட்டுட்டேன், ஆடு தின்னுடுச்சி."

"என் எடம்னு உனக்குத் தெரியாது?"

"தெரியும் சார். உலகத்துக்கே தெரியும். பெரியவரே வந்து காட்டினாரு, போன தை மாசம். 'நான் போனா இங்கதான் வெட்டணும், ஒரு சாண் இந்தாண்ட அந்தாண்ட போவக்கூடாது'ன்னு கையில அடிச்சி சத்தியம் வாங்கிக்கினாரு. 'குமாரவேலு சாரு சண்டைக்கு வருவாரே'ன்னேன். 'வருவான், வரட்டும்'னாரு."

குமாரவேலுக்கு மூச்சு நின்று, ஒரு சுற்று சுற்றி, மறுபடி வந்தது. தப்பு நடந்திருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். இது தப்பு இல்லை. உயிரோடு நடந்து வந்து, விரல் நீட்டி, இடம் பிடித்திருக்கிறான்.

"தோண்டி எடுத்து வேற எடத்துல வெக்க முடியுமா?"

அந்தோணி பீடியைக் கீழே போட்டுவிட்டான். "சார், எங்காளுங்கன்னா படுத்துக்கினு இருப்பாங்க, பொட்டியோட தூக்கிடலாம். உங்காளு உக்காந்துக்கினு இருக்காரு. எப்பிடி தூக்கறது? வான்னு கையப் புடிச்சி இழுக்கறதா?"

கதிர்வேலின் வீடு வரை குமாரவேல் நடந்த வேகத்தைக் கண்டவர்கள், கண்புரையோடு சேர்த்து டாக்டர் இருபது வயசையும் எடுத்துவிட்டார் என்று நினைத்திருக்க வேண்டும். வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்துகொண்டார். பெரிய மனுஷன் செய்கிற காரியமா இது என்று தொடங்கி, பஜ்ஜிக்கு வந்து, தெருப் பஞ்சாயத்தில் முடிகிற பேச்சு. நடுவில் இரண்டு தேவார வரிகூட வைத்திருந்தார்.

வாசலில் கதிர்வேலின் மகன் பரசுராமன், மொட்டைத் தலையோடு போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் போனைச் சட்டைப்பையில் போட்டான்.

"வாங்க அங்கிள். நீங்க வருவீங்கன்னு அப்பா சொல்லிட்டுத்தான் போனாரு."

"எங்க உக்காந்திருக்காரு தெரியுமா உங்கப்பா?"

"அங்கிள், டென்ஷன் ஆவாதீங்க. கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கினு வந்திருக்கீங்க."

"கண்ணு நல்லாத்தாண்டா தெரியிது. அதான் வந்திருக்கேன். என் பொண்டாட்டி பக்கத்துல உங்கப்பனுக்கு இன்னாடா வேல?"

தெருவில் இரண்டு ஜன்னல் திறந்தது. உள்ளே, காரியம் முடிகிறவரை ஓட்டாமல் துணி போர்த்திய தறிக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்திருந்த அகிலாவின் குரல் வந்தது. கதிர்வேலின் மனைவி. சத்தமாகப் பேசத் தெரியாதவள்.

"பரசு, மாமாவ உள்ள வரச்சொல்லு. நெழல்ல உக்காந்து திட்டட்டும்."

உள்ளே போனார். படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. படத்தில் இருந்த கதிர்வேல் இவரைப் பார்க்காமல் சற்றுத் தள்ளி எங்கோ பார்த்தான். பரசுராமன் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரமாக நின்றான். குமாரவேல் பேச்சைத் தொடங்கினார். பெரிய மனுஷன் செய்கிற காரியமா என்றதற்கு மேல் போக முடியவில்லை.

"அவரு கேக்கலண்ணே" என்றாள் அகிலா. "அந்த எடத்த நான்தான் கேட்டேன்."

தயார் செய்து வைத்திருந்த பேச்சு, தேவாரத்தோடு சேர்ந்து, எங்கேயோ விழுந்துவிட்டது. ஒருத்தி தன் புருஷனை இன்னொருத்தி பக்கத்தில் உட்கார வைக்கச் சொல்லிக் கேட்பாளா? குமாரவேல் தண்ணீர்ச் சொம்பை எடுத்தார். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"பரசுவுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு பொண்ணு பொறந்துது, தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. தெருவில் எறும்பு கர்ப்பமானால்கூடத் தெரிந்துவிடுகிற குமாரவேலுக்குத் தெரியாது.

"முசரவாக்கத்துல எங்கம்மா வூட்ல பொறந்துது. இங்க தூக்கியாந்த ரெண்டாம் நாளே காய்ச்சல். மொத்தமா ஒரு வாரம் இருந்துது. பேரு வெக்கல. அவ்ளோ சின்ன உசுருக்கு சங்கு கெடையாது, கல்லு கெடையாதுன்னாங்க. பொம்பளைங்க மேட்டுக்கு வரக்கூடாதுன்னாங்க. இவரு மட்டும் ஒரு பட்டுத்துண்டுல சுத்திக்கினு விடியறதுக்குள்ள போயி வெச்சிட்டு வந்துட்டாரு. எங்க வெச்சீங்கன்னு கேட்டேன். கெழக்கு வரிசையில, வேப்பமரத்துக்கு நேரான்னாரு."

கிழக்கு வரிசை. வேப்பமரத்துக்கு நேர். குமாரவேலின் நந்தியாவட்டைக்குக் காலையில் நிழல் விழுவது அந்த வேப்பமரத்திலிருந்துதான்.

"எரிக்கிற வூட்ல பொறந்திருந்தா எனக்கு இது தோணியே இருக்காதுண்ணே. நமக்கு உக்கார வெக்கிற வழக்கம். உக்காந்தா மடின்னு ஒண்ணு இருக்குதில்ல? நான் முன்னாடி போனா நான் வாங்கிக்கிறேன், நீங்க முன்னாடி போனா நீங்க மடியில வாங்கிக்கோங்கன்னு சொல்லி வெச்சிருந்தேன். அவரு முன்னாடி போயிட்டாரு."

பரசுராமன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் அது போன தை மாதம்தான் தெரியுமாம்.

குமாரவேல் சொம்பைக் கீழே வைத்தார். வைத்த சத்தம் அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. எட்டு வருஷமாக அந்த இடத்தில் நின்றிருக்கிறார். செங்கல்லை நட்டு, காலால் மிதித்து இறுக்கியிருக்கிறார். தண்ணீர் ஊற்றிவிட்டு அங்கேயே செருப்பைத் தட்டி உதறியிருக்கிறார். ஏலவார்குழலிக்குக் குழி வெட்டிய அன்று, ஒருநாளும் பக்கத்தில் வராத கதிர்வேல் வந்து நின்று, "இன்னும் கொஞ்சம் மேக்கால தள்ளி வெட்டு, மேக்கால தள்ளு" என்று அந்தோணியை விரட்டியது இப்போது காதில் கேட்டது. இழவில்கூடவா அதிகாரம் என்று அன்றைக்கு அவன் துண்டைப் பிடித்து உலுக்கினார். அவன் மேற்கே தள்ளுகிறவரை நின்றுவிட்டுப் போனான்.

அப்புறம் கைகட்டி நின்றதெல்லாம் யாருக்கு முன்னால் என்று இப்போது யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா..." என்றார். "குடுத்திருக்க மாட்டனாம்மா?"

"குடுத்திருப்பீங்க. அதுக்கு பயப்படல. உங்க வாய்க்குத்தாண்ணே பயந்தோம்."

"என் வாய்க்கா?"

"நீலாம்பாள் எங்க மாமியாருக்கு அத்தை. ஒரே ஒரு தபா மயக்கம் போட்டு எழுந்துது. இன்னிக்கி என் பேத்தியே மூணு தபா செத்துச்சின்னு சொல்லிக்கினு இருக்குது, காப்பி வெச்ச கதையோட. நான் தப்பு சொல்லல. கேக்க நல்லாத்தான் இருக்குது, நானே சிரிச்சிருக்கேன். ஆனா எம் பொண்ணு ஒரு வாரம் இருந்துது. ஒரு வாரமாவே இருக்கட்டும்னு அவரு சொன்னாரு. பொறக்கும்போதே பல்லோட பொறந்துது, பேசிச்சின்னு நீங்க சொல்லிடுவீங்களோன்னு பயம்."

குமாரவேல் வாயைத் திறந்தார். பல்லோடு பிறந்தது என்று சொல்லியிருக்க மாட்டார். பேசியது என்று சொல்லியிருப்பார். அது அவருக்கே தெரிந்ததால் மூடிக்கொண்டார். இந்த வயசுக்கு எத்தனையோ அதிர்ச்சி பார்த்தாகிவிட்டது என்று நினைத்திருந்தவர். தம் நாக்குக்குப் பயந்து ஒரு பச்சைக்குழந்தையை இத்தனை வருஷம் மறைத்து வைத்திருக்கிறார்கள் என்பது அவர் கணக்கில் வந்ததேயில்லை.

அகிலா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுதிருந்தாளா, வியர்வையா என்று தெரியவில்லை.

"இன்னொண்ணு சொல்லணும்ணே. அண்ணி போனாங்களே, அன்னிக்கி இவரு வந்து 'அதுக்குப் பக்கத்துல ஏலவார்குழலிய வெச்சிருக்காங்க'ன்னாரு. அன்னிக்கித்தான் எனக்கு நல்லா தூக்கம் வந்துது. தெருவுல எவ பெத்த கொழந்தைய அண்ணி எடுக்காம விட்டாங்க? ஒண்ணு அழுதா ஓடுவாங்களே. பக்கத்துலயே இருக்கறத சும்மா விட்டிருப்பாங்களா?"

அதற்கு மேல் குமாரவேலால் உட்கார முடியவில்லை. எழுந்தார். பரசுராமன், "அங்கிள், ஆட்டோ கூப்பிடட்டுமா" என்றான். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். திறந்திருந்த ஜன்னல்கள் இரண்டும் ஏமாந்துபோய்ச் சாத்திக்கொண்டன.

முச்சந்தி டீக்கடையில் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். உங்க எடத்துல கதிர்வேலு உக்காந்துட்டாராமே, இன்னா சமாச்சாரம், சொல்லுங்க என்று நாலைந்து பேர் பெஞ்சில் இடம் விட்டார்கள். குமாரவேல் டீயை வாங்கினார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"கதிர்வேலா? அவன் இட்லி தின்ன கத தெரியுமா?" என்றார். "மூங்கில் கூடையில மந்தாரை எலய போட்டு வேக வெப்பாங்களே கோயில் இட்லி, அத ஒரே ஆளா முழுசா தின்னுட்டு, ருசி தெரியாம கூடையையும் பாதி கடிச்சிட்டான். அப்புறம் மூணு நாளு அவன் பேசினா மந்தாரை எல வாசன வரும்."

சிரித்தார்கள். "அது சரி, அந்த எடம்?"

"என்னா எடம்? காலி எடம், உக்காந்தான். எடம்னா யாராச்சும் உக்காரத்தான் செய்வாங்க." டீ சுட்டதுபோல முகத்தைச் சுளித்துவிட்டு எழுந்துகொண்டார். பாதி டம்ளரில் அவர் எழுந்ததை அந்தக் கடை அதுவரை கண்டதில்லை.

வெயில் தாழ மறுபடி மேட்டுக்குப் போனபோது அந்தோணி பதறிக்கொண்டு மண்வெட்டியை எடுத்துப் பின்னால் மறைத்தான், தோண்டச் சொல்லப்போகிறாரோ என்று. குமாரவேல் அவனைக் கவனிக்கவில்லை. செருப்பை மேட்டுக்கு வெளியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். கதிர்வேலின் மண்ணுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். குனிந்து, ஆடு மிச்சம் வைத்த மாலையை நேராக்கினார். அப்புறம் ஏலவார்குழலியைச் சுற்றிக்கொண்டு அவளுடைய இடது கைப் பக்கம் போனார். அங்கே முள்ளும் காட்டாமணக்கும் மண்டிக் கிடந்தது.

"இத வெட்டி சுத்தம் பண்ணு அந்தோணி."

"எதுக்கு சார்?"

"எனக்குத்தான்."

அந்தோணி தலையைச் சொறிந்தான். "சார், அது பொண்டாட்டி பக்கமாச்சே. சாமியே எடது பக்கத்ததான் குடுத்திருக்காருன்னு நீங்கதான நூறு பேராண்ட சொன்னீங்க. இப்ப நீங்க இங்க உக்காந்தா அவங்க உங்களுக்கு வலது பக்கம் வந்துடுவாங்க. ஊரு சிரிக்காதா?"

"வெட்டுப்பா சொல்றேன்."

அந்தோணி வெட்டினான். முள் போய், ஒரு ஆள் சம்மணம் போடுகிற அளவுக்குத் தரை தெரிந்தது. குமாரவேல் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, வடக்கு முகமாக உட்கார்ந்தார். உட்கார்ந்து வலப்பக்கம் திரும்பினார். அவள். அவளுக்கு அந்தப் பக்கம் கதிர்வேலும் அவன் மடியும்.

"எங்க கல்யாணம் பாத்திருக்கியா நீ?" என்றார்.

"உங்க கல்யாணத்தப்ப நான் பொறக்கவேயில்ல சார்."

"எங்க வழக்கத்துல மணவறையில மொதல்ல பொண்ண வலது பக்கம்தான் உக்கார வெப்பாங்க. தாலி ஏறினப்புறம்தான் எடது பக்கம் மாத்துவாங்க."

அந்தோணி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தான். "அப்ப, இன்னும் தாலி கட்டலயா?"

"இல்ல."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் அவளுக்கு அந்தப் பக்கம் வேல இருக்குது" என்றார் குமாரவேல். "கை குடு, முட்டி புடிச்சிக்கிச்சி. நானா எழுந்திரிக்க முடியாது."